தேக்குக் காட்டிலிருந்து கானுலாப் பேருந்துக்கு

ஆத்தங்குடிக்கு இப்போதெல்லாம் பேருந்துகள் வருகின்றன. காரைக்குடியிலிருந்து வரும் நகரப் பேருந்தைச் சொல்லவில்லை. சுற்றுலாப் பேருந்துகளைச் சொல்கிறோம். வெளியூர்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வருபவர்கள், கண்ணாடித் தகட்டின்மீது வண்ணக் கலவையை ஊற்றிக் கல் வார்க்கும் பட்டறைகளைப் பார்க்கிறார்கள். பிறகு பெரிய வீடுகளுக்குள் நுழைந்து முகப்பையும் பட்டாலையையும் வளவையும் பார்க்கிறார்கள். அங்கே வரிசையாக நிற்கும் தேக்குத் தூண்களைத் தொட்டுப் பார்க்காமல் திரும்புவோர் அரிது. செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றதை வாசகர்கள் அறிவார்கள். வாழ்வதற்காகக் கட்டப்பட்ட வீடுகள் பார்ப்பதற்கானவையாக மாறிவிட்டன.

ஆயினும் இக்கட்டுரை வீடுகளைப் பற்றியதன்று. அந்தத் தூண்கள் வேரோடு நின்றிருந்த இடத்தைப் பற்றியது. வீட்டுக்கு நேர்ந்த மாற்றம் காட்டுக்கும் நேர்ந்திருக்கிறது. மரம் வெட்டும் இடமாக இருந்த காடு, பின்பு வேட்டையாடும் இடமாகி, இன்று பேருந்தின் சன்னல் வழியாகப் பார்க்கும் இடமாக நம்முன் நிற்கிறது. கோடை விடுமுறையில் நம் பக்கத்துக் குடும்பங்கள் உதகைக்குப் போகும்போது, வழியில் முதுமலையில் இறங்கி வனத்துறையின் வேனில் ஒரு சுற்றுச் சுற்றிவருவது வழக்கமாகிவிட்டது. முக்கால் மணி நேரமோ ஒரு மணி நேரமோ ஆகும் அந்தச் சுற்றுக்குப் பின்னால் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. அதை இங்கே ஓரளவு விரித்துப் பார்க்கலாம்.

மரக்கிடங்கு

நம் வீடுகளின் தேக்கு பெரும்பாலும் பர்மாவிலிருந்து வந்தது. நகரத்தார் கீழ்ப்பர்மாவின் நெல் விவசாயிகளுக்குக் கடன் கொடுக்கச் சென்றவர்கள். 1930களின் பொருளாதார மந்தத்தில் கடன் திரும்பாமல் போகவே, அப்பகுதியின் முக்கிய நெல் மாவட்டங்களில் பயிர் நிலத்தில் நான்கில் ஒரு பங்கு அவர்கள் கைக்கு வந்து சேர்ந்தது என்பது பொருளியல் வரலாற்றில் பலமுறை எழுதப்பட்ட செய்தி. அவர்கள் மரம் வெட்டவில்லை. வெட்டிய மரத்தை வாங்கிக் கப்பலேற்றினார்கள். வெட்டியவை பம்பாய் பர்மா வணிகக் கழகம் போன்ற ஆங்கிலேய நிறுவனங்கள். வெட்டிய அடிமரத்தைச் சரிவிலிருந்து ஆற்றுக்கு இழுத்து வந்தவை யானைகள். ஆகவே ஆத்தங்குடியில் ஒரு தூணைத் தொடுபவர், தாம் அறியாமலே ஒரு யானையின் உழைப்பைத் தொடுகிறார்.

நீலகிரியின் வடசரிவில் இருக்கும் முதுமலையின் கதையும் இதே போலத்தான் தொடங்குகிறது. அக்காடு நிலம்பூர் அரச குடும்பத்தின் உடைமையாக இருந்தது. நிலம்பூர் என்றால் தேக்கு. 1840களில் மலபார் கலெக்டராக இருந்த கானலி அங்கே தேக்குத் தோட்டம் போட்டார். உலகில் மனிதர் நட்டு வளர்த்த தேக்குத் தோட்டங்களுள் மிகப் பழையது என்று அதைச் சொல்வார்கள். கப்பல் கட்டவும் பின்னர் ரயில் பாதைகளுக்கும் மரம் வேண்டியிருந்த காலம் அது. 1857இல் ஆங்கிலேய அரசு நிலம்பூர் அரசரிடமிருந்து முதுமலைக் காட்டை மரம் வெட்டுவதற்காகக் குத்தகைக்கு எடுத்தது. 1914இல் நீலகிரியின் பெரும் காட்டுப் பரப்புகள் காப்புக் காடுகளாக அறிவிக்கப்பட்டன.

‘காப்பு’ என்ற சொல்லில் நாம் ஏமாந்துவிடக் கூடாது. அன்று காக்கப்பட்டது விலங்கன்று, மரம். அதுவும் மற்றவர்கள் வெட்டிவிடாமல், முறைப்படி அரசே வெட்டுவதற்காகக் காக்கப்பட்டது. மாயாற்றங்கரையில் தெப்பக்காடு யானை முகாம் தோன்றியதும் இந்த வேலைக்காகத்தான். இன்று அங்கே மாலை நேரத்தில் யானைகளுக்குக் கவளம் ஊட்டுவதைக் காணப் பயணிகள் கூடுகிறார்கள். அந்த யானைகளின் முன்னோர் தடி இழுத்தவை. காட்டின் முதற்பணி வருவாய் தருவதன்று, இயற்கைச் சமநிலையைப் பேணுவது என்று நாடு அதிகாரபூர்வமாகச் சொன்னது 1988ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கையில்தான்.

வேட்டைக்காடு

மரத்துக்கு அடுத்தபடியாக அக்காட்டில் மதிப்புப் பெற்றது வேட்டை. நீலகிரியில் குடியேறிய வெள்ளையர்கள் எல்லையில்லாமல் சுட்டுத் தள்ளியதன் விளைவு சில பத்தாண்டுகளிலேயே தெரிந்தது. வரையாடும் கடமானும் அருகின. அதனால் கவலையுற்றவர்களும் வேட்டைக்காரர்களே. 1877இல் நீலகிரி வேட்டைச் சங்கம் தோன்றியது. 1879இல் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. எந்த மாதங்களில் சுடலாம், எதைச் சுடக் கூடாது, யார் உரிமம் பெற வேண்டும் என்றெல்லாம் அது வகுத்தது. துப்பாக்கி வைத்திருந்த துரைக்கு உரிமம் கிடைத்தது. கண்ணி வைத்து முயல் பிடித்த பழங்குடிக்குக் குற்றவாளி என்ற பெயர் கிடைத்தது. இந்தியாவின் கானுயிர்ப் பாதுகாப்பு வரலாற்றில் இந்த முரண் மீண்டும் மீண்டும் தலைகாட்டுவதைக் காணலாம்.

மைசூர் அரசர் 1931இல் பந்திப்பூரில் ஏறத்தாழ 90 சதுர கிலோமீட்டரில் வேணுகோபால கானுயிர்ப் பூங்காவை அமைத்தார். அதன் தெற்கெல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கும் முதுமலையில் 1940இல் சென்னை மாகாண அரசு சுமார் 60 சதுர கிலோமீட்டரைச் சரணாலயமாக அறிவித்தது. பிற்காலத்தில் அது 321 சதுர கிலோமீட்டராக விரிந்தது. 1972இல் கானுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் நாடு முழுமைக்கும் வந்தது. மறு ஆண்டே புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது. அதன் முதல் ஒன்பது காப்பகங்களுள் பந்திப்பூர் ஒன்று. முதுமலை 1986இல் நீலகிரி உயிர்க்கோளக் காப்பகத்தில் சேர்ந்தது. 2007இல் புலிகள் காப்பகமாயிற்று.

இந்த ஆண்டுகளை அடுக்குவதற்குக் காரணம் இருக்கிறது. மரக்கிடங்கு, வேட்டைக்காடு, சரணாலயம், புலிகள் காப்பகம் என்று பெயர் மாறிய ஒவ்வொரு முறையும் ‘யார் உள்ளே வரலாம், எப்படி வரலாம்’ என்ற கேள்விக்குப் புது விடை எழுதப்பட்டது. கானுலாப் பேருந்து அந்த விடைகளுள் ஆகப் பிந்தியது.

ஊர்தி வந்த கதை

‘சஃபாரி’ என்ற சொல் கிழக்காப்பிரிக்காவின் சுவாஹிலி மொழியிலிருந்து வந்தது. அதற்கு மூலம் அரபு மொழியின் ‘சஃபர்’. பயணம் என்பதே பொருள். விலங்கு அதன் பொருளில் இல்லை. ஐரோப்பிய வேட்டைக்காரர்கள் ஆப்பிரிக்காவில் படைபோலச் சுமைதூக்கிகளோடு சென்ற பயணங்களால் அது வேட்டைக்கு ஆகிவந்தது. துப்பாக்கி போய்ப் புகைப்படக் கருவி வந்த பின்னும் சொல் மாறவில்லை. தமிழில் சிலர் ‘கானுலா’ என்கிறார்கள். உலா என்றதும் தெருவில் எழுந்தருளும் தலைவனும், அவனைக் காண மாடங்களில் கூடிய பெண்டிரும் நம் நினைவுக்கு வருவார்கள். சிற்றிலக்கியத்து உலாவில் தெருவோரத்து மக்கள் உலா வருபவனைப் பார்க்கிறார்கள். கானுலாவில் உலா போகிறவர்கள், வழியோரத்தில் நிற்பவற்றைப் பார்க்கிறார்கள். பார்வையின் திசை தலைகீழாகிவிட்டது.

ஊர்தியில் அமர்ந்து காட்டைப் பார்ப்பது முதலில் பெருவழக்கானது அமெரிக்காவில். 1872இல் உருவான யெல்லோஸ்டோன் பூங்காவில் குதிரை வண்டிகளே ஓடின. 1915இல் மோட்டார் கார்களை அனுமதித்தார்கள். 1917இல் குதிரை வண்டிகளின் இடத்தைப் பேருந்துகள் பிடித்துக்கொண்டன. குப்பையைக் கொட்டிக் கரடிகளை வரவழைத்துப் பயணிகளுக்குக் காட்டும் வேடிக்கையும் அங்கே நெடுநாள் நடந்தது. காடு ஒரு சர்க்கஸ் கூடாரமாகிவிடும் ஆபத்து தொடக்கத்திலிருந்தே உடன்வந்தது என்பதற்கு இது சான்று.

தென்னாப்பிரிக்காவின் கதை இன்னும் சுவையானது. 1923இல் அந்நாட்டு ரயில்வே ஒன்பது நாள் சுற்றுலா ரயில் ஒன்றை விட்டது. வழியில் சாபி விலங்குக் காப்பகத்தின் ஊடாக ரயில் செல்லும். அங்கே இரவு நிற்கும். யாரும் பெரிதாக எதிர்பார்க்காத அந்த நிறுத்தமே பயணிகளுக்கு மிகப் பிடித்த பகுதியாயிற்று. சிங்கத்தைச் சுடுவதற்கன்று, பார்ப்பதற்கு மட்டுமே மக்கள் காசு கொடுப்பார்கள் என்று அரசு கண்டுகொண்டது அப்போதுதான். 1926இல் க்ரூகர் தேசியப் பூங்கா சட்டப்படி அமைந்தது. மறு ஆண்டு பூங்காவுக்குள் வந்த கார்கள் மூன்றே மூன்று. இன்று ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் வருகிறார்கள். முகாம்களையும் குறிப்பிட்ட சில இடங்களையும் தவிர எங்கும் வண்டியைவிட்டு இறங்கக் கூடாது என்பது அங்கே கண்டிப்பான விதி.

மூன்றாவது எடுத்துக்காட்டு அலாஸ்காவின் தெனாலி. (நம் தெனாலிராமனுக்கும் இதற்கும் தொடர்பில்லை! அங்குள்ள தொல்குடிகள் மலைக்கு இட்ட பெயர் அது.) 1917இல் மெக்கின்லி மலைத் தேசியப் பூங்கா என்ற பெயரில் தோன்றி, 1980இல் விரிந்து இப்பெயர் பெற்றது. பரப்பு ஏறத்தாழ 24,000 சதுர கிலோமீட்டர். நம் சிவகங்கை மாவட்டத்தைப் போல ஐந்து மடங்குக்கும் மேல். அவ்வளவு பெரிய நிலத்துக்குள் செல்வது ஒரே ஒரு சாலை. நீளம் சுமார் 148 கிலோமீட்டர். 1970களின் தொடக்கத்தில் பெருநகரங்களிலிருந்து பூங்கா வாயில்வரை நெடுஞ்சாலை வந்துவிட்டது. கார்கள் வெள்ளமாக உள்ளே புகும் என்று அஞ்சிய நிர்வாகம், 1972இல் ஒரு முடிவெடுத்தது. முதல் 24 கிலோமீட்டர் வரையே சொந்த வண்டி. அதற்கு மேல் பேருந்து மட்டும். பேருந்தில் யாராவது கரடியையோ கலைமானையோ கண்டால் குரல் கொடுப்பார்கள்; ஓட்டுநர் நிறுத்துவார். 2021 ஆகஸ்டில் மலைச்சரிவு காரணமாக அச்சாலை பாதி வழியில் மூடப்பட்டது. இயற்கையும் தன் பங்குக்கு ஒரு எல்லை வகுத்தது போலும்!

இம்மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் பேருந்தின் உண்மையான வேலை விளங்கும். மிருகக்காட்சிச்சாலையில் விலங்கு கூண்டுக்குள் இருக்கும், நாம் வெளியே நிற்போம். கானுலாப் பேருந்தில் நாம் கூண்டுக்குள் இருக்கிறோம். அக்கூண்டு விலங்கிடமிருந்து நம்மைக் காப்பதைவிட, நம்மிடமிருந்து விலங்கைக் காப்பதே அதிகம். தன்னையே வேலியிட்டுக்கொள்ள மனிதன் ஒப்புக்கொண்ட அரிய ஏற்பாடுகளுள் இதுவும் ஒன்று. பேருந்தைக் குறைசொல்லப் புகுமுன் இந்த நன்மையை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

தெப்பக்காட்டில்

முதுமலையைத் தமிழில் எழுதப்பட வேண்டிய முறையில் எழுதிய முன்னோடி மா.கிருஷ்ணன் (1912–1996). ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ.மாதவையாவின் மகன் என்பது இவ்வலைப்பதிவின் வாசகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950இல் தொடங்கிய பத்தியை இறக்கும்வரை எழுதினார். தாமே பல பாகங்களைச் சேர்த்து உருவாக்கிய கருவியால் கறுப்பு வெள்ளையில் யானைகளையும் காட்டெருதுகளையும் படம் பிடித்தார். தமிழ்க் கட்டுரைகள் சு.தியடோர் பாஸ்கரனின் முயற்சியால் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்ற நூலாகக் கிடைக்கின்றன. கிருஷ்ணன் முதுமலையைக் கண்டது நடந்தும், வளர்ப்பு யானையின் முதுகில் அமர்ந்தும். அவர் பார்த்த வேகமும் நாம் பார்க்கும் வேகமும் வேறு. அவர் எழுத்தின் துல்லியத்துக்கு அந்த மெதுவான வேகமும் ஒரு காரணம் என்று நமக்குத் தோன்றுவதுண்டு.

நாம் மாணவர்களோடு தெப்பக்காட்டில் வனத்துறை வேனில் சென்ற அனுபவம் பலருக்கும் நேர்ந்ததுதான். புள்ளிமான் கூட்டம் முதலில் வரும்; முதல் கூட்டத்துக்கு எல்லோரும் எழுந்து நிற்பார்கள். நான்காவது கூட்டத்துக்கு யாரும் தலை திருப்புவதில்லை. மயில், கருமந்தி, சாலையோரத்தில் மேயும் காட்டெருது, அதிர்ஷ்டம் இருந்தால் யானை. ‘புலி வருமா சார்?’ என்று கேட்காத மாணவர் இல்லை. வேன் திரும்பியதும், ‘ஒன்றுமே பார்க்கவில்லை’ என்று ஒரு மாணவி சொன்னாள். ஏறத்தாழ முந்நூறு மான்களையும் இரண்டு யானைகளையும் பார்த்தபின் சொன்ன சொல் அது! தவறு அவளுடையதன்று. பயணச்சீட்டு வாங்கும் இடத்திலிருந்து விளம்பரப் பலகைவரை எல்லாமே புலியைக் காட்டிக்கொண்டிருக்கும்போது, புலி இல்லாத காடு ‘ஒன்றுமில்லாத’ காடாகிவிடுகிறது.

இதே வழியில் இன்னொரு கானுலாவும் நடக்கிறது. மைசூருக்கும் உதகைக்கும் இடையே ஓடும் அரசுப் பேருந்துகள் முதுமலையின் நடுவே செல்லும் நெடுஞ்சாலையில்தான் போகின்றன. வேலைக்கும் மருத்துவமனைக்கும் சந்தைக்கும் போகிறவர்கள், சாதாரணப் பயணச்சீட்டில் யானையைப் பார்த்துக்கொண்டே போகிறார்கள். அவர்கள் படம் எடுப்பதில்லை. யானை சாலையைக் கடக்கும்வரை ஓட்டுநர் வண்டியை நிறுத்திக் காத்திருப்பார், பயணிகளும் காத்திருப்பார்கள். நமக்கு அந்தப் பேருந்தின்மீது தனி மதிப்பு உண்டு.

ஆனால் அதே சாலைதான் காட்டின் காயமும் ஆகும். இரவில் வாகனங்களில் அடிபட்டு இறக்கும் விலங்குகள் பெருகியதால், 2009இல் பந்திப்பூர் வழியாகச் செல்லும் நெடுஞ்சாலைகளில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துக்குத் தடை வந்தது. 2010இல் கர்நாடக உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. வயநாட்டு மக்கள் தங்கள் வாழ்வாதாரம் பாதிக்கப்படுவதாகச் சொல்லி 2019இல் பெரும் போராட்டம் நடத்தினார்கள். முதுமலையை அடுத்த சீகூர்ப் பகுதியில் யானை வழித்தடத்தில் எழுந்த தங்கும் விடுதிகளைப் பற்றிய வழக்கில், வழித்தடத்தைக் காக்கும் அரசின் அறிவிப்பை உச்சநீதிமன்றம் 2020 அக்டோபரில் ஏற்றது. காட்டைப் பார்க்க வந்தவர்களுக்காகக் கட்டிய விடுதிகளே காட்டை மறித்தன என்பதுதான் அவ்வழக்கின் சாரம். பார்வைக்கும் விலை உண்டு.

கண்ணும் செவியும்

தமிழ் படித்தவர்களாகிய நமக்கு இந்த இடத்தில் ஒரு பழைய நூல் நினைவுக்கு வருகிறது. பத்துப்பாட்டின் இறுதிப் பாட்டாகிய மலைபடுகடாம் 583 அடிகள் கொண்டது. இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் நன்னன் மீது பாடியது. ஆற்றுப்படை என்பதால், பரிசில் பெற்று வரும் கூத்தர், பெறச் செல்லும் கூத்தருக்கு வழி சொல்வதாக அமைந்தது. தமிழில் காட்டு வழிக்கு எழுதப்பட்ட மிக விரிவான வழிகாட்டி என்று அதைச் சொல்லலாம். பன்றிக்கு வைத்த பொறிகள் உள்ள இடம் எது, பாம்பு உறையும் குழிகள் எங்கே, தினைப்புனம் காப்போர் யானையை நோக்கி எறியும் கவண்கல்லுக்கு எப்படி விலகிச் செல்வது என்றெல்லாம் அந்நூல் எச்சரிக்கிறது. பேருந்து இல்லாத காலத்துக் கானுலா விதிமுறைகள் எனலாம்.

அந்நூலின் பெயர்க் காரணம் இன்னும் கருதத் தக்கது. மலையை யானையாகவும், மலையில் பிறக்கும் ஓசைகளை யானையின் மதமாகவும் உருவகித்தார் புலவர். ஏறத்தாழ இருபது ஓசைகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குகிறார். அருவி விழும் ஓசை, யானைகள் பொருதும் ஓசை, தேன் எடுக்கும் குறவரின் ஆரவாரம், கிளி ஓட்டும் ஓசை, தினை குற்றும் மகளிர் பாடும் பாட்டு, புலி பாய்ந்து புண்பட்ட கணவனின் நோவு தணிய அவன் மனைவி பாடும் பாட்டு, யானையைப் பழக்கும் பாகர் கலந்த மொழியில் பேசும் குரல்... இப்படிப் போகிறது அப்பட்டியல்.

இதில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, புலவர் மலையைச் செவியால் அறிகிறார். காட்டில் கண் காண்பது சில முழ தூரம். புதருக்கு அப்பால் இருப்பதைக் காதுதான் சொல்லும். மானின் எச்சரிக்கைக் குரலைக் கேட்டுப் புலி நடமாட்டத்தை அறிவது இன்றைக்கும் பாகர்களின் வழக்கம். நம் வேனிலோ எஞ்சின் ஓசை ஓயாது. காட்டை அறியும் முதற்கருவியாகிய செவியை வாயிலிலேயே அடைத்துவிட்டு, கண்ணை மட்டும் உள்ளே அழைத்துச் செல்கிறோம்.

இரண்டாவது, அந்த இருபது ஓசைகளுள் கணிசமானவை மனிதருடையவை. மனிதர் இல்லாத காட்டை அப்புலவர் கற்பனை செய்யவே இல்லை. சங்க காலத்தார் காட்டைப் பாதுகாத்தார்கள் என்று இதிலிருந்து முடிவு கட்டுவது மிகை. பொறி வைத்துப் பன்றி பிடித்தவர்களும் புனத்துக்காகக் காட்டைச் சுட்டவர்களும் அவர்கள்தாம். நாம் சொல்வது வேறு. காடு என்றால் ஆளற்ற இடம் என்ற எண்ணம் நம் மரபுக்கு அயலானது. அது பேருந்தோடு சேர்ந்து வந்தது.

சட்டகத்துக்கு வெளியே

முதுமலையிலும் அதன் சுற்றுப்புறத்திலும் குறும்பர், காட்டுநாயக்கர், இருளர், பணியர் ஆகியோர் வழிவழியாக வாழ்கிறார்கள். மவுண்டாடன் செட்டிகள் என்ற உழவர் சமூகமும் உண்டு. (பெயரொற்றுமை கண்டு நம்மவர் என்று கருத வேண்டாம், நகரத்தாரோடு அவர்களுக்குத் தொடர்பில்லை.) 2007இல் முதுமலை புலிகள் காப்பகமானபோது, வெளியேற்றப்படுவோம் என்று அஞ்சி கூடலூர், மசினகுடிப் பகுதி மக்கள் திரண்டு போராடினார்கள். பிறகு உட்காட்டில் இருந்த சிற்றூர்களின் குடும்பங்களுக்குத் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையத்தின் திட்டப்படி, குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்ற கணக்கில் மறுகுடியமர்வு தொடங்கியது. பள்ளியும் மருத்துவமனையும் அருகில் வேண்டும் என்று விரும்பிச் சென்றவர்களும் உண்டு. அதை மறைப்பது நேர்மையன்று. ஆனால் நிலப்பட்டா உள்ளவருக்கும், அந்நிலத்தில் தலைமுறைகளாகக் கூலி வேலை செய்த பணியருக்கும் இழப்பு ஒன்றாகவே இருக்க முடியாது. பிறந்த இடத்தின் குலதெய்வத்துக்கு என்ன மதிப்புப் போடுவது என்பது எந்தப் படிவத்திலும் இல்லை.

க்ரூகரிலும் இதுவே நடந்தது. அங்கே மகுலேகே மக்கள் 1969இல் வெளியேற்றப்பட்டார்கள். இனவெறி ஆட்சி முடிந்தபின் வழக்காடி 1998இல் தம் நிலத்தைத் திரும்பப் பெற்றார்கள். ஆனால் அவர்கள் மீண்டும் அங்கே குடியேறவில்லை. நிலத்தைப் பூங்காவின் பகுதியாகவே விட்டு, அதன் நிர்வாகத்திலும் வருவாயிலும் பங்கு பெற்றார்கள். காடும் வேண்டும், நீதியும் வேண்டும் என்போர் ஆராய வேண்டிய முன்மாதிரி இது.

கானுலாவுக்கு வரும் பயணி இம்மக்களைப் பார்க்காமல் திரும்பலாம். ஆனால் அவர்கள் இல்லாமல் கானுலா இல்லை. யானைப் பாகர்களும் காவடிகளும் பெரும்பாலும் அவர்களே. தடம் பார்த்து விலங்கைச் சொல்பவர்களும், காட்டுத் தீயை அணைப்பவர்களும், வேட்டைத் தடுப்புக் காவலர்களில் பலரும் அவர்களே. தெப்பக்காட்டில் தாயற்ற யானைக் குட்டிகளை வளர்த்த காட்டுநாயக்கத் தம்பதியைப் பற்றிய ‘தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்’ ஆவணப்படம் 2023இல் ஆஸ்கர் விருது பெற்றபோதுதான் நம்மில் பலர் முதன்முறையாக அந்த முகங்களைப் பார்த்தோம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுக்காகக் கல்கத்தாவுக்குக் கொண்டுவரப்பட்ட உண்ணிச்செடி, இன்று முதுமலையின் அடிக்காட்டை மூடி மேய்ச்சல் புல்லை அழித்துக்கொண்டிருக்கிறது. அந்தச் செடியை வெட்டி, அதன் தண்டுகளால் ஆளுயர யானை உருவங்களைச் செய்து உலக நகரங்களுக்கு அனுப்பியவர்களும் இந்த நீலகிரிப் பழங்குடிகளே. வெளியிலிருந்து வந்த ஒருவரின் அழகுணர்ச்சி காட்டைக் கெடுத்தது. உள்ளே இருந்தவர்களின் கை அதைச் செப்பனிட முயல்கிறது.

ஆகவே பேருந்து வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆளுக்கொரு கார் போவதைவிடப் பேருந்து மேல். தனியார் விடுதியின் இரவுச் சவாரியைவிட வனத்துறையின் வேன் எவ்வளவோ மேல். பேருந்தின் சன்னல் ஒரு சட்டகம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். சட்டகத்துக்குள் மான் தெரிகிறது. மரம் வெட்டிய வரலாறும், வேட்டையாடியவர் எழுதிய சட்டமும், இடம்பெயர்ந்த குடியும் தெரிவதில்லை. ஓட்டுநர் இடையிடையே எஞ்சினை நிறுத்தி ஐந்து நிமிடம் அமைதியாக இருக்கச் சொல்லலாம். வழிகாட்டியாகக் குறும்பர் ஒருவர் உடன்வந்து பேசலாம். செலவில்லாத இவ்விரண்டு மாற்றங்களும் அந்த ஒரு மணி நேரத்தை வேறொன்றாக ஆக்கிவிடும்.

இதற்கு முன்மாதிரி தேடி அலாஸ்காவுக்குப் போக வேண்டியதில்லை. நமக்கு மேற்கே, திருப்பத்தூருக்கும் மேலூருக்கும் இடையே வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. 1977இல் அறிவிக்கப்பட்டது, பரப்பு வெறும் 38.4 ஹெக்டேர்; மூன்று கண்மாய்கள், அவ்வளவே. மழைக்காலத்தை ஒட்டி நத்தைகொத்தி நாரைகளும் மஞ்சள்மூக்கு நாரைகளும் அரிவாள்மூக்கன்களும் வந்து கூடு கட்டுகின்றன. வேட்டங்குடிப்பட்டி, கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. சரணாலய அறிவிப்புக்குக் கட்டுப்பட்டு மட்டும் அவர்கள் இதைச் செய்யவில்லை. நம் ஊருக்கு வந்த உயிரை விரட்டக் கூடாது என்ற எண்ணம் பழகிப்போய்விட்டது. பெயர்க் காரணம் எதுவாயினும், ‘வேட்டம்’ என்ற சொல்லுக்கு வேட்டை என்பதே பொருள். அப்பெயர் தாங்கிய ஊரில், குழந்தைகள் மத்தாப்போடு நிறைவடைகிறார்கள். அங்கே சன்னல் இல்லை, பயணச்சீட்டு இல்லை. மனிதரும் பறவையும் ஒரே கண்மாயைப் பகிர்ந்துகொள்கிறார்கள்; மனிதர் தம் ஓசையைச் சற்றே குறைத்துக்கொள்கிறார்கள். முதுமலைக்குப் போகத் திட்டமிடும் அன்பர்கள், அதற்கு முன் ஒருமுறை கார்த்திகை மார்கழியில் வேட்டங்குடிக் கரையில் அரைமணி நேரம் பேசாமல் நின்று பார்க்கலாம்.